இடிபாடு தீர்க்கும் அபராதம்

(கோயில் அபிஷேகத் திருநாள் பிரசங்கம்)



இன்று வாசிக்கக் கேட்ட சுவிசேஷம் சக்கேயுவின் சரித்திரம். அர்ச். லூக்காஸ் அதைத் தம் சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். எரிக்கோ பட்டணத்தில் ஆயக்காரருக்குத் தலைவன், நல்ல பணக்காரன், ஆள் மட்டும் கட்டை. கூட்டத்தில் சேசுநாதர் சுவாமியைப் பார்க்க முடியாமல் ஓடிப்போய் மரத்தின்மேல் ஏறிக்கொண்டான். இவ்வளவும் நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் அவன் மரத்தில் ஏறினதை நன்றாய் நினைவில் வைத்திருக்கிற நாம், இறங்கினபிறகு அவன் செய்ததை அவ்வளவாய் நினைப்பதில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு ஒதுக்கினான். யாரையாவது ஏய்த்து வாங்கியிருந்தால் அதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாக ஆண்டவர் முன்பாக நின்று வாக்குக் கொடுத்தான். ஆண்டவரும் "வாய்ச்சொல் போதும் சக்கேயு, பணம் உன்னிடமே இருக்கட்டும்" என்று அவனைத் தடுக்கவில்லை.

ஞான உபதேசத்தில் நாம் எல்லோரும் படித்த பாடந்தான் இது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து. அவற்றில் கடைசியானது அபராதம் தீர்ப்பது. திருடின மாட்டைத் தன் தொழுவத்தில் கட்டிவைத்துக்கொண்டு, "சுவாமி, மாடு திருடினேன், மனஸ்தாபப்படுகிறேன்" என்று சொல்லுகிறவனுக்குக் குருவானவர் என்ன சொல்வார்? முதலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டுபோய் உடையவன் வீட்டில் கட்டு என்றுதான் சொல்வார்.

ஆத்துமமில்லாத ஒரு பொருள் இப்படி எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அது இடித்துத் தள்ளின கட்டடத்தின் கற்குவியல். அது கிடந்த இடம், இங்கிலாந்து தேசத்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசல் பட்டணம். பிரசங்கத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் ஆண்டவர் விதையையும், எருவையும், புளித்த மாவையும், மீன் வலையையும் பற்றிப் பிரசங்கித்தாரே. அவருடைய ஊழியன் இடிபாட்டைப் பற்றிப் பேசினால் குற்றமாகாது.

விஷயம் விளங்குவதற்குச் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும். திருநாளை முன்னிட்டுப் போன வாரம் கோயிலின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தோம். (கோயிலுக்குள்ளே இப்போது டப்பா வர்ணந்தான், சுற்றுச்சுவருக்கு மட்டும் பழைய மரியாதை நீடிக்கிறது.) சுண்ணாம்புக்கல் என்பது, சுண்ணமும் கரியமில வாயுவும் ஒன்றாய்ப் பிணைந்து கெட்டியான பொருள். அதைக் காளவாயில் அடுக்கிச் சுட்டால் வாயு பிரிந்து ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயுவாய்ப் போய், 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறுகிறது. நீற்றின சுண்ணாம்பைச் சுவரில் பூசினபிறகு நடப்பதுதான் விசேஷம். நெருப்பில் இழந்துபோன அதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்துக்கொண்டு, அது மறுபடியும் கல்லாகிறது. நேற்றுக் கையில் ஒட்டினது சில நாளில் சுவரோடு சுவராய் இறுகிப்போவது இதனால்தான்.

வெற்றிலை போடும் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தியல்ல. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து போட்டுவிட்டால் மேலே ஏடு கட்டி, காரம் செத்துப்போகிறது என்று பேரப்பிள்ளைகளைக் கோபிப்பார்கள். அந்த ஏடும் காற்றிலிருந்த கரியமில வாயு சேர்ந்து உண்டான கல்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள், தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழலை வைத்து ஊதினால் அது பால்போல் வெளுப்பதைப் பார்த்திருப்பார்கள். அதுவும் இதே காரியந்தான்.

சிமெண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1824-ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமைச் சாசனம் வாங்கினார். இக்காலத்தில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்துச் சிமெண்டு செய்கிறார்கள். அப்போது இரண்டு வழியாய்க் கரியமில வாயு வெளியேறுகிறது. கல்லே விடுகிற வாயு ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு. சூளைக்கு எரிக்கிற கரியும் எண்ணெயும் விடுகிற வாயு மற்ற நாற்பது பங்கு. உலகத்தில் மனிதர் வெளிவிடுகிற கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் மட்டும் வருகிறது. இயந்திரத் தொழில்கள் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காய் இருந்த கரியமில வாயு இன்று 420-க்கும் மேலே ஏறிவிட்டது. பூமி சூடேறுவதும், மழை பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், இல்லாவிட்டால் அறவே பொய்ப்பதும் இதனால் மோசமாகின்றன.

அப்படியானால் வீடு கட்டுவது பாவமா? இல்லவே இல்லை. ஒழுகாத கூரையின்கீழ் பிள்ளைகளைப் படுக்கவைக்க ஆசைப்படும் தகப்பனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் நல்ல காரியத்துக்கு வாங்கின கடனும் கடன்தான். மகளின் கலியாணத்துக்கு வாங்கினேன் என்பதற்காகக் கடன்காரன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடுவானா? இந்தக் கடனுக்கு உடையவர்கள் யாரென்றால், காங்கிரீட் வீடே இல்லாமல் வெயிலையும் வெள்ளத்தையும் முதலில் தாங்குகிற ஏழைகள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பிறவாத பிள்ளைகள்.

இனி நியூகாசலுக்கு வருவோம். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறது என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலேயர், நியூகாசலுக்கு நிலக்கரி கொண்டுபோகிறது என்பார்கள். அவ்வளவு நிலக்கரி வெட்டிக் கப்பலேற்றின ஊர் அது. ஆகாயத்துக்குக் கடன்பட்ட ஊர்களில் மூத்தது என்றால் மிகையில்லை. அந்நகரத்தின் நடுவில் டைன் மதுவாலை என்ற பெரிய பீர் ஆலை இருந்தது. 1927 முதல் 'நியூகாசல் பிரவுன் ஏல்' என்னும் பீரினால் பேர் பெற்ற அந்த ஆலை 2005-இல் மூடப்பட்டது. (சந்தோஷப்பட வேண்டாம், குடியை விடவில்லை, ஆலையை ஆற்றுக்கு அக்கரையில் மாற்றினார்கள், அவ்வளவுதான்.) பழைய கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஏறக்குறைய 24 ஏக்கர் நிலம், நொறுங்கின காங்கிரீட்டும் செங்கல்லும் மண்ணும் கலந்து, பார்ப்பவர்களுக்கு வெறும் குப்பைமேடாய்க் கிடந்தது.

அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பேராசிரியராயிருந்த டேவிட் மானிங் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் குப்பைமேட்டை வேறு கண்ணால் பார்த்தார்கள். மனிதர் இடித்தும் கொட்டியும் உண்டாக்குகிற செயற்கை மண்ணில் சுண்ணாம்புக்கல் தானே விளைகிறதைப் பற்றி 2009-ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். மதுவாலை நிலத்திலும் அவ்விதமே நடக்கிறதா என்று 18 மாதகாலம் மண்ணை எடுத்து எடுத்துச் சோதித்தார்கள். கார்லா-லியான் வாஷ்போர்ன் என்னும் பெண்மணி முதற்பெயராய் நின்று 2015-இல் அதன் முடிவு வெளியாயிற்று. மேல்மண்ணில் 100 மில்லிமீட்டர் ஆழம், அதாவது அரைச் சாணுக்குள் மட்டும், வருஷத்துக்கு ஒரு ஹெக்டேரில் 85 டன் கரியமில வாயு கல்லாய் மாறிக்கொண்டிருந்தது! நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 34 டன். ஒரு சதுர மீட்டருக்கு எட்டரைக் கிலோ. குழி தோண்டிப் பார்த்ததில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழேயும் அந்த மாற்றம் நடந்திருந்தது. எந்த இயந்திரமும் ஓடவில்லை. மழை பெய்தது, காற்று வீசியது, குப்பைமேடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்தச் சுண்ணாம்பு பழைய சுவரோடு வந்ததாய் இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆகாயத்தின் உயரத்தில், அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் தாக்குவதால் 'கார்பன் 14' என்ற ஒருவகைக் கரி ஓயாமல் உண்டாகிறது. 5,730 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதி பாதியாய்த் தேய்ந்து போகும். ஆகையால் பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த சுண்ணாம்புக்கல்லில் அது இராது. நேற்றைய காற்றிலிருந்து உண்டான கல்லில் இருக்கும். நியூகாசல் மண்ணில் விளைந்த சுண்ணாம்பைச் சோதித்தபோது அதிலிருந்த கரியில் பெரும்பகுதி புதியது என்று தெரிந்தது. ஆகாயத்திலிருந்து வந்ததுதான், சந்தேகமில்லை.

இவ்வித மண்ணை வேண்டுமென்றே உண்டாக்கலாம். நொறுக்கின காங்கிரீட்டையோ, கல்குவாரிகளில் மிஞ்சுகிற சில வகைக் கற்பொடிகளையோ, நகரத்து இலைதழைக் குப்பையிலிருந்து செய்த மக்கின எருவோடு கலந்து பரப்பிப் புல்லும் செடியும் வளரவிடுவது அதற்கு வழி. எருவில் அடங்கிய கரி, எரு மக்க மக்கப் பெரும்பாலும் சில வருஷங்களில் காற்றுக்கே திரும்பிவிடும். கல்லாய் உறைந்ததோ ஆயிரக்கணக்கான வருஷம் அசையாமல் கிடக்கும். ஆனாலும் எரு வீணல்ல. அது செடியை வளர்க்கிறது. செடியின் வேர் மண்ணுக்குள் மூச்சுவிட்டுக் கரியமில வாயுவைச் சேர்க்கிறது. புளிப்பான சாறுகளைக் கசியவிட்டுக் கற்பொடியைக் கரைக்கிறது. கரைந்துவரும் சுண்ணமும் வேர் தந்த வாயுவும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கல் பிறக்கிறது. செடி அந்த வாயுவை முன்பே இலைவழியாய் ஆகாயத்திலிருந்து எடுத்திருந்ததல்லவா? இப்படி ஆகாயத்திலிருந்து இலைக்கும், இலையிலிருந்து வேருக்கும், வேரிலிருந்து கல்லுக்கும் அது இறங்கிவருகிறது. சர்வேசுரன் தம் சிருஷ்டிகளை ஒன்றோடொன்று எப்படிக் கோத்துவைத்திருக்கிறார் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சுவர் நிமிர்ந்து நின்ற நாளெல்லாம் இந்தக் கடன் தீர்ப்பு வெகு மெதுவாகத்தான் நடந்தது. காங்கிரீட்டின் மேல்தோலில் மாத்திரம் காற்று பட்டது, உள்ளே புகவில்லை. இடித்து, நொறுக்கி, பொடியாக்கினபிறகுதான் உள்ளே அடைபட்டிருந்த சுண்ணமெல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்தது. மனஸ்தாபத்துக்கு இலத்தீன் பாஷையில் வழங்குகிற 'கொந்த்ரீசியோ' என்னும் சொல்லின் மூலப்பொருள் நொறுக்கப்படுதல் என்பதே. அந்தச் சொல்லைப் பலமுறை பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நியூகாசல் கற்குவியலைப் பற்றிப் படித்தபிறகுதான் அது எவ்வளவு பொருத்தமான சொல் என்று மனசில் தைத்தது. நிமிர்ந்து நிற்கும்வரை நாமும் மேல்தோலால் மட்டுமே மனஸ்தாபப்படுகிறோம். வியாதியோ நஷ்டமோ வந்து நம்மை உடைத்துப் போட்டபிறகு உள்ளே புகுகிற வரப்பிரசாதம், அதற்கு முன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

இனிமேல் சொல்லப்போவதை, கணக்கு எழுதத் தெரிந்த குடும்பத் தலைவர்கள் முக்கியமாய்க் கேட்க வேண்டும். 12,000 ஹெக்டேருக்குக் குறைவான நகர நிலத்தை இவ்விதமாய்த் தக்கபடி பராமரித்தால் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் கரியமில வாயுவை அடக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். பெரிய தொகைதான். ஆனால் உலகம் முழுவதிலும் தொழில்களிலிருந்து கிடைக்கக்கூடிய இவ்வகைச் சுண்ணப் பொருள்களையெல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு 70 கோடி முதல் 120 கோடி டன்வரைதான் அடங்கும். அக்காலத்தில் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து மனிதர் வெளிவிட்ட வாயுவில் அது நூற்றுக்கு 2 முதல் 3.7 பங்கு என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நூறு ரூபாய்க் கடனுக்கு இரண்டு ரூபாய், மிஞ்சினால் மூன்றே முக்கால் ரூபாய்க்கும் குறைவு! அன்றியும் சுண்ணம் தீர்ந்துபோனால் அந்த மண்ணின் வேலையும் நின்றுபோகும். காங்கிரீட் முழுவதும் மறுபடி கல்லானாலும்கூட, கல்லிலிருந்து போன வாயுதான் திரும்பிவரும். சூளையில் எரித்த கரியின் பங்குக்கு அது ஜவாப்தாரியாகாது.

இந்தச் சிறு தொகையைக் கேட்டதும் மனிதர் இரண்டு பக்கமாய்ப் பிரிகிறார்கள். "இரண்டு ரூபாயால் என்ன ஆகப்போகிறது? உலகம் கெட்டது கெட்டதுதான், நாம் என்ன செய்தும் பிரயோசனமில்லை" என்கிறவர்கள் ஒரு பக்கம். "பார்த்தீர்களா, குப்பைமேடே வாயுவைக் குடித்துவிடுகிறது, விஞ்ஞானிகள் இன்னும் என்னென்னவோ கண்டுபிடிப்பார்கள், நாம் பாட்டுக்கு எரிக்கலாம், கட்டலாம்" என்கிறவர்கள் மற்றப் பக்கம். முந்தினது அவநம்பிக்கை, பிந்தினது மிதமிஞ்சிய நம்பிக்கை. இரண்டும் நம்பிக்கை என்னும் புண்ணியத்துக்கு விரோதமான பாவங்கள் என்று ஞான உபதேசம் படித்தவர்களுக்குத் தெரியும். முந்தினவன் கடனைத் தீர்க்கவே மாட்டான். பிந்தினவன் இரண்டு ரூபாய் கட்டின ரசீதைக் காட்டி இன்னும் இருநூறு கடன் கேட்பான். உள்ளபடி சொன்னால் பிந்தினவனைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவனை நான் நன்றாய் அறிவேன்: தபசு காலத்தில் ஒரு மாதம் குடியை விட்டதைச் சொல்லிக்கொண்டு, பாஸ்கு கழிந்த மறுவாரமே அதற்குச் சேர்த்துக் குடிக்கிறவன்.

சக்கேயு இந்த இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. வாங்கினதெல்லாம் யார் யாரிடம் வாங்கினது என்று இத்தனை வருஷத்துக்குப் பின் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவன் சோர்ந்துபோகவில்லை. ஆண்டவர் வீட்டுக்கு வந்துவிட்டார், இனிக் கணக்கெதற்கு என்று துணிந்துவிடவுமில்லை. எழுந்து நின்று கையிலிருந்ததை எண்ணத் தொடங்கினான். அன்றைய தினமே அந்த வீட்டுக்கு இரட்சணியம் வந்தது. கடைசிக் காசு தீர்ந்த பிறகல்ல.

நியூகாசல் ஆராய்ச்சி வெளிவந்த அதே 2015-ஆம் ஆண்டில்தான், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் பூமியாகிய நம் பொதுவான வீட்டைக் குறித்து 'லவுதாத்தோ சி' என்னும் நிருபத்தை வெளியிட்டார். எதையும் உபயோகித்தவுடன் எறிந்துவிடுகிற பழக்கத்தை அதில் கண்டித்திருக்கிறார். எறிகிற இடம் என்று பூமியில் தனியாய் ஒன்றுமில்லையே. நாம் எறிகிறதெல்லாம் யாரோ ஒருவருடைய வாசலில்தான் போய் விழுகிறது.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். பழைய உபதேசப் பள்ளியின் பின்கட்டை இடிக்க வேண்டியதாயிற்று. கூரை விழும் நிலையில் இருந்ததால் வேறு வழியில்லை. (நன்றாயிருக்கிற வீட்டை ஜோடனைக்காக இடித்துப் புதிதாய்க் கட்டுகிறவர்கள் இந்தப் பிரசங்கத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.) அந்த இடிபாட்டை அள்ளிப்போக ஒரு லாரிக்காரர் பாதிக் கூலிக்குச் சம்மதிக்கிறார். எங்கே கொட்டுவீர் என்று கேட்டேன். ஏரிக்கு வருகிற வாய்க்கால் ஓரமாய் என்றார். கோயில் பணம் மிச்சமாகும் என்று சபையாரில் சிலருக்கு அது பிடித்தமாயிருந்தது. நான் சம்மதிக்கவில்லை. அந்த வாய்க்கால் அடைபட்டால் மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் புகுவது பள்ளத்தெருக் குடிசைகளில். அவர்களும் இதே கோயிலில், இதே பூசையில் முழங்காலிட்டிருக்கிறார்கள். நமக்கு மிச்சமாகிற கூலியை அவர்களிடமிருந்து எடுத்தோமானால் அதையும் நாலு மடங்காய்த் திருப்ப வேண்டிவரும்.

ஆகவே இடிபாட்டை நாமே பிரித்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். கம்பியும் மரமும் விலைக்குப் போகும். முழுச் செங்கல் புதுச் சுவருக்கு ஆகும். சுத்தமான காங்கிரீட்டையும் பழைய சுண்ணாம்புக் காரையையும் நொறுக்கி, கல்லறைத் தோட்டத்துக்கு வடக்கே தாழ்வாய்க் கிடக்கிற தரிசில் சருகு எருவோடு கலந்து பரப்பி, புல் முளைக்க விடுவோம். அது காரமான மண். நெல்லுக்கும் காய்கறிக்கும் ஆகாது. ஒருவரும் வீட்டுத் தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போக வேண்டாம். வர்ணம் பூசின பலகை, பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி ஆகியவை அதில் கலக்கவே கூடாது.

வரும் சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வேலை தொடங்கும். வாலிபர்கள் சம்மட்டி, கடப்பாரை, கூடையோடு வரவும். வீட்டுக்கு ஓராள் வந்தால் உச்சிக்கு முன் முடிந்துவிடும். கஞ்சி பங்குச் செலவில். பின்கட்டின் மேலே போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை மட்டும் யாரும் உடைக்கவோ இழுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் புகுந்தால் பல வருஷம் கழித்தும் உயிரைக் கொல்லும். அவற்றை நனைத்து மூடிவைத்திருக்கிறோம். அதற்கென்று பழகின ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். தாய்மார் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளவும்.